ஹாத்திபகானில் நின்ற டிராம்

கொல்கத்தாவில் டிராம் ஏற வேண்டும் என்று சொன்னால், விடுதிக்காரர்கள் உடனே சுற்றுலா டிராமைத்தான் காட்டுகிறார்கள். குளிர்சாதனம் உண்டு, பாட்டு உண்டு, உட்கார இடம் நிச்சயம் என்றார் எங்கள் விடுதி மேலாளர். எனக்கு அதில் மனம் போகவில்லை. அலுவலகத்துக்கும் கடைக்கும் போகிறவர்களோடு போனால்தான் ஓர் ஊரின் வண்டியைப் பற்றி ஏதாவது தெரியவரும். அதனால் வடக்கே ஷ்யாம்பஜார் போய், எஸ்பிளனேடு செல்லும் 5-ஆம் எண் டிராமில் காலைக் கூட்டத்தோடு ஏறினேன். 2024 டிசம்பர். டிராம்களை நிறுத்தப் போவதாகவும், மைதான் என்ற திடலின் ஓரமாக ஒரு சிறு தூரத்துக்கு மட்டும் நினைவுக்காக வைத்துக்கொள்ளப் போவதாகவும் மாநில அரசு அறிவித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

முதல் பார்வையில் வண்டி என்னைக் கவரவில்லை. வெளியே விளம்பரம், உள்ளே தூசி, கூரையில் கம்பிக் கூண்டுக்குள் மின்விசிறி, மரச்சட்டம் அடித்த இருக்கை. படங்களில் பார்த்துப் பார்த்து மனதில் வளர்த்து வைத்திருந்த அழகு எதுவும் அங்கே இல்லை. நடத்துநர் மெல்லிய காகிதத்தில் அச்சிட்ட டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து ஏழு ரூபாய் வாங்கிக்கொண்டார். கூரையோரம் ஓடிய கயிற்றை இழுத்தார். முன்னால் ஓட்டுநரின் காதருகே மணி அடித்தது. எங்கள் சென்னை நடத்துநர் ஊதும் விசில் காதைத் துளைக்கும். இந்த மணியில் அந்த அதட்டல் இல்லை. வண்டி நகர்ந்ததும் ஒன்றைக் கவனித்தேன். என்ஜின் உறுமல் இல்லை, புகை இல்லை. மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு ஒரு நீண்ட கழி, கீழே இரும்பு மேல் இரும்பு உருளும் சத்தம். அவ்வளவுதான். பக்கத்தில் பேசுகிறவரின் குரல் தெளிவாகக் கேட்டது.

பக்கத்தில் பேசியவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. மடியில் துணிப்பை, தோளில் சால்வை. வண்டியில் எல்லோரும் அவரை மாஷிமா என்றார்கள், அதாவது சித்தி என்று. நானும் அப்படியே கூப்பிட்டேன். ஹிந்தியில் பேசிக்கொண்டோம். எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும் அவர் முகத்தில் ஒரு நெருக்கம் வந்துவிட்டது.

"வேலூர் பக்கம்தானே மா?"

அவர் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை வேலூரில்தான் நடந்ததாம். ஆஸ்பத்திரி பக்கத்தில் அறை எடுத்து, மண்ணெண்ணெய் அடுப்பில் சோறும் மீன்குழம்பும் வைத்து மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார். வங்காளத்தில் யாரிடம் பேசினாலும் எங்காவது ஒரு வேலூர் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு அது சாதாரண ஊர். அங்கே பல குடும்பங்களுக்கு அது உயிர் பிழைத்து வந்த ஊர். கணவர் அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டு இருந்தார் என்று சொல்லிவிட்டு, பையைத் திறந்து ஒரு அட்டைப் பெட்டியை நீட்டினார். சந்தேஷ். குளிர்காலத்தில் ஈச்ச மரத்தின் உச்சிக்குக் கீழே தண்டைச் சீவி, வடிகிற சாற்றைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம் போட்டது. நம் கருப்பட்டியின் புகைமணம் அதிலும் உண்டு. ஆனால் இது இன்னும் மென்மை. நாக்கில் வைத்ததும் கரைந்து போயிற்று. மகள் வீட்டுக்கு எடுத்துப் போவதில் எனக்கு எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல அவர் இடம் வைக்கவில்லை.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "வேலூரிலிருந்து வரும்போது சென்னையில் இரண்டு நாள் இருந்தோம். எங்கேயும் டிராம் பார்க்கவில்லையே. உங்கள் ஊரில் இருந்தது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எப்படி விட்டீர்கள்?"

யாரோ வீட்டுப் பொருளைத் தொலைத்ததை விசாரிப்பது போன்ற அக்கறையோடுதான் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் ஓடியது சென்னையில், 1895-இல். கொல்கத்தாவில் 1873-இலேயே குதிரை இழுத்த டிராம் வந்துவிட்டாலும், மின்சாரம் 1902-இல்தான் வந்தது. என் பாட்டி லஸ்ஸில் டிராம் ஏறியதைச் சொல்லுவாள். அவள் சொன்னதில் எனக்குள் தங்கியது ஏறி இறங்கிய கதை மட்டுமே. அது நின்றுபோனபோது யாராவது வருத்தப்பட்டார்களா என்று நான் கேட்டதே இல்லை. நஷ்டம் என்று சொல்லி 1953 ஏப்ரலில் கம்பெனி மூடிவிட்டது. ஊர் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டது. இதைச் சொன்னேன். மாஷிமா கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

ஹாத்திபகான் சந்தைக்குள் வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

ஒரு சேலைக் கடை வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று, முன்சக்கரம் தண்டவாளத்தின் மேல் இருக்க, பூட்டிக் கிடந்தது. ஓட்டுநர் காலால் மணியை மிதித்தார். மீண்டும் மிதித்தார். யாரும் வரவில்லை. பஸ்ஸாக இருந்தால் ஒரு முழம் ஒடித்துப் போயிருக்கும். டிராமுக்கு அந்த வசதி கிடையாது. பின்னால் டாக்ஸி, ஆட்டோ, மினி பஸ் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடிக்கத் தொடங்கின. டாக்ஸிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து டிராமைத் திட்டினார். மோட்டார் சைக்கிளை யாரும் திட்டவில்லை. எனக்கு அது மிகவும் உறைத்தது.

நடத்துநரும் இரண்டு பயணிகளும் இறங்கி மோட்டார் சைக்கிளைத் தூக்கி நகர்த்தப் பார்த்தார்கள். அப்போது அதன் சொந்தக்காரப் பையன் ஓடி வந்தான். முதுகில் சாப்பாடு கொண்டுபோகும் பெரிய பை. நடத்துநர் சத்தம் போட, அவனும் சத்தம் போட்டான். மாஷிமா எழுந்து படிக்கட்டுக்குப் போய் நின்றுகொண்டார். அவர் பேசிய வங்காளம் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"மழை பெய்தால் இந்தத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்குகிறது. போன வருஷம் விழுந்து எனக்குத் தோள் எலும்பு உடைந்தது. இரண்டு மாதம் வருமானம் இல்லை. காலியாக ஓடுகிற இந்த வண்டிக்காக நாங்கள் ஏன் விழ வேண்டும்?" என்றான் பையன்.

அவன் சொன்னது பொய்யில்லை. ஈரமான தண்டவாளத்தில் இரு சக்கர வண்டிகள் சறுக்குவது அந்த ஊரில் எல்லோரும் அறிந்த குறை. அவன் சட்டைக் காலருக்குக் கீழே கை வைத்துக் காட்டியபோது வண்டிக்குள் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

மாஷிமா குரலைத் தாழ்த்தினார். "விழுந்தாயே, அது எனக்கும் கஷ்டம்தான், பாபா. ஆனால் தண்டவாளத்தைச் சுற்றி ரோடு குழி விழுந்து கிடக்கிறது. அதைச் சரி செய்யச் சொல்லி ஒருநாளாவது யாரிடமாவது கேட்டாயா? நாங்களும் கேட்கவில்லை. காலி வண்டி என்கிறாய், உள்ளே வந்து எண்ணிப் பார். நான் எழுந்து வந்து உன்னோடு பேசுகிறேன், இதற்குள் என் இடம் போயிருக்கும்." பிறகு அவன் பை எடைக்குச் சாய்ந்து நின்றதைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லாமல் பூட்டைத் திறந்து வண்டியைத் தள்ளினான். டிராம் நகர்ந்தது. மாஷிமாவின் இடம் காலியாகவே இருந்தது; யாரும் உட்காரவில்லை.

ஹெதுவாவில் மகள் வீட்டுக்கு அவர் இறங்கிக்கொண்டார். டன்டனியா காளி கோயில், காலேஜ் தெருவின் புத்தகக் கடைகள் எல்லாம் ஜன்னலோரம் கடந்து போயின. நான் அவற்றைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. வழியை அடைத்தது யார் என்ற ஒரே கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

விடுதிக்கு வந்ததும் தேடிப் படித்தேன். முன்பு கொல்கத்தாவின் பல அகலச் சாலைகளில் டிராமுக்கென்று தனி மேடை இருந்திருக்கிறது. புல்லும் ஜல்லியும் போட்ட பாதை. மற்ற வண்டிகள் ஏற முடியாது. பயணிகள் அந்த மேடையிலேயே நின்று ஏறுவார்கள். பின்னாளில் அவற்றைக் கான்கிரீட் போட்டுச் சாலையோடு சமமாக்கினார்கள். மற்ற வண்டிகள் தண்டவாளத்தின் மேல் வந்தன, பயணிகள் நடுச்சாலையில் ஏறி இறங்கும்படி ஆனது. தன் பாதையைப் பறிகொடுத்த வண்டி மெதுவாகப் போனது. மெதுவாகப் போகிறது என்று சொல்லியே வழித்தடங்களைக் குறைத்தார்கள். 2020 ஆம்பன் புயலில் மரங்கள் விழுந்து மின்கம்பிகள் அறுந்த பிறகு சில தடங்கள் திரும்ப ஓடவே இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் இருபதுக்கும் மேல் இருந்த தடங்களில், நான் போனபோது மிச்சம் ஷ்யாம்பஜாரும் கரியாஹாட்டும்தான்.

அன்றிரவு படித்ததில் இன்னொன்று என்னைத் தூங்க விடவில்லை. 1953 ஜூலையில், அப்போதும் பிரிட்டிஷ் கையில் இருந்த கல்கத்தா டிராம் கம்பெனி, இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. ஒரு பைசாதான். ஜோதி பாசு உள்ளிட்ட இடதுசாரித் தலைவர்கள் முன்னின்றார்கள். ஊரே தெருவில் இறங்கியது. பயணிகள் பழைய கட்டணத்தை மட்டும் நீட்டினார்கள், மறியல், கைது, எரிந்த வண்டிகள் என்று அந்த மாதம் கழிந்தது. கடைசியில் உயர்வு கைவிடப்பட்டது. அதே ஆண்டு, மூன்று மாதம் முன்னால்தான் சென்னை தன் டிராமை வழியனுப்பியிருந்தது. மாஷிமாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதில் எங்கோ இருக்கிறது. டிராம் கட்டணத்தைத் தன் வீட்டுச் செலவாக நினைத்துச் சண்டை போட்ட ஊரில், வேண்டாவெறுப்பாகவேனும், எழுபது ஆண்டுக்கு மேல் அது ஓடிவிட்டது.

மைதான் ஓரம் சுற்றி வரும் நினைவு வண்டி எனக்கு ஒப்பவில்லை. மகள் வீட்டுக்கு இனிப்பு எடுத்துப் போகிறவர் ஏற முடியாத டிராம், டிராம் இல்லை. உலகின் பெரிய நகரங்கள் பலவும் பிடுங்கி எறிந்த தண்டவாளத்தை மறுபடி பெரும் செலவில் போட்டுக்கொண்டிருக்கின்றன. கொல்கத்தாவுக்கு அந்தச் செலவு இல்லை. தனிப் பாதையைத் திருப்பிக் கொடுத்து, தண்டவாளத்தைச் சுற்றியுள்ள குழிகளை அடைத்தால் அந்தப் பையனும் விழமாட்டான், டிராமும் நிற்காது.

கொல்கத்தா போகிறவர்கள் சுற்றுலா டிராமை விட்டுவிடுங்கள். டிராம் இன்னும் ஓடினால், காலை வேளையில் ஷ்யாம்பஜாரில் ஏறுங்கள், டிக்கெட் வாங்குங்கள், கடைசிவரை போங்கள். யாராவது உங்கள் ஊரில் டிராம் என்னவாயிற்று என்று கேட்டால், 1953-ஐ மறைக்காமல் சொல்லுங்கள்.