ஓட்டை டின்

டிசம்பர், ஜனவரி வந்தால் நாளிதழ்களில் ஒரு படம் தவறாமல் வரும். தலைகுந்தாவிலோ காந்தலிலோ புல்வெளி வெள்ளைவெளேரென்று கிடக்கும். கம்பளித் தொப்பி போட்டவர்கள் உறைபனியை வழித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார்கள். ஊட்டி காஷ்மீராகிவிட்டது என்று கீழே எழுதியிருக்கும். போன முறை அந்தப் படத்தை ஒரு நண்பருக்கு அனுப்பி, "அடடா" என்று போட்டேன். அவர் கேத்திப் பக்கத்துப் படகர். "எங்க அத்தை வீட்டுல ரெண்டு ராத்திரி இருந்துட்டு அப்புறம் அடடா சொல்லுங்க" என்று பதில் வந்தது. ஜனவரிக் கடைசியில் போனேன்.

அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. மாமா இல்லை. பிள்ளைகள் கோயம்புத்தூரில். ஹட்டியின், அதாவது படகர் ஊரின், வரிசை வீடுகளில் கடைசி வீடு அவருடையது. மேட்டில் அரை ஏக்கர் தேயிலை, வீட்டை ஒட்டி நாலு பாத்தி, கீழே பாலாடாவில் முப்பது சென்ட். பாலாடா என்றால் இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஈரமாகத் தட்டையாகக் கிடக்கும் அடிநிலம். கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா என்று ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது. மேட்டு மண்ணின் சத்தெல்லாம் வழிந்து அங்கேதான் சேரும். குளிரும் அப்படித்தான். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்து கனத்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டுத் தேயிலை பல நாள் தப்பிவிடும். பள்ளத்து உருளைக்கிழங்கு மாட்டிக்கொள்ளும்.

விடியற்காலை நாலரைக்கு எழுப்பினார். "தம்பி, வர்றதுன்னா வாங்க. டீ வந்துதான்." கையில் டார்ச், தோளில் ஒரு மூங்கில் கழி. கழியின் நுனியில் ஓர் ஓட்டை டின்.

அது ஐந்து லிட்டர் எண்ணெய் டின். மேல்மூடி வெட்டி எடுத்தாயிற்று. அடியில் ஆணியால் அடித்த துளைகள்: நடுவில் நெருக்கமாக, ஓரத்தில் இடைவெளி விட்டு. விளிம்பு கையைக் கிழிக்காமலிருக்க உள்பக்கம் மடித்துத் தட்டியிருந்தது. கழியோடு சேர்த்துக் கட்டியிருந்தது பழைய சைக்கிள் டியூப். கழியில் கை பிடிக்கிற இடம் மட்டும் வெண்கலம்போல மின்னியது. கடையில் பூவாளி கிடைக்காதா என்று கேட்டேன். "கிடைக்கும். அதைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு செடிக்கும் குனியணும். இது நின்னவாக்குல எட்டும்" என்றார். இது நாலாவது டின். கழி மட்டும் மாமா வெட்டிக் கொடுத்தது, மாறவில்லை.

பாலாடாவில் ஊற்றுக்குழி ஒன்று இருக்கிறது. வெளியே விரல் மரத்துப்போகிற குளிரில் அந்தத் தண்ணீரில் ஆவி பறக்கிறது. கையை விட்டால் வெதுவெதுப்பாகத் தோன்றுகிறது. டின்னை முக்கித் தூக்கி, தண்ணீர் தீருவதற்குள் வீசி நடந்து ஒரு சால் முடிக்க வேண்டும். கிழக்கு மலையைத் தாண்டி வெயில் இறங்குவதற்குள் முழு வயலும் நனைந்திருக்க வேண்டும். "பனி கொல்லாது தம்பி. பனி மேல வெயில் விழுந்தாத்தான் கொல்லும்." தாவரவியல்காரர்கள் இதை இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள், இலைக்குள்ளே நீர் உறைவதே சேதம்தான். ஆனால் அவர் சொன்னதை அன்று மத்தியானமே என் கண்ணால் பார்த்தேன்.

நீர்போகத்துக்கு, அதாவது பாசனப் பட்டத்துக்கு, நட்ட கிழங்கு நாலு விரல் உயரம் முளைத்திருந்தது. ஓரத்துச் செடி ஒன்றில் பனி சர்க்கரை தூவியதுபோல ஒட்டியிருந்தது. படம் எடுக்கலாமென்று, "அத்தை, இதுக்கு மட்டும் ஊத்தாதீங்க" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். தொட்டபோது இலை கண்ணாடித் தகடுபோல விறைப்பாக இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்குகிறது. பக்கத்துச் செடிகள் பச்சையாக நிற்கின்றன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பிடக் கூச்சமாக இருந்தது.

அத்தை வாக்கப்பட்டு வந்தது கிழங்கு வீட்டுக்கு. நீலகிரிக் கிழங்கு ஒரு காலத்தில் விதைக்கும் வெளியூர் போகும். 1961இல் இந்த மண்ணில் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. வேரில் குண்டூசித் தலையளவு பொன்னிற மணிகளாகத் தொற்றிக்கொள்ளும். அதன் முட்டைக்கூடு மண்ணில் வருஷக்கணக்கில் சாகாது. பிறகு விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை வந்தது. மேட்டு நிலத்தில் மாமனார் தேயிலை வைத்தார். தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. "அந்த வருஷம் இவரு ராத்திரியில எந்திரிச்சு உக்காந்திருப்பாரு" என்றார் அத்தை, மாமாவைப் பற்றி. அதற்குமேல் கேட்கவில்லை. இப்போது பாலாடாவில் பாதி கேரட், பாதி புழுவைத் தாங்கும் ரகக் கிழங்கு.

கேரட்டைப் பற்றி எழுத நிறைய உண்டு. நள்ளிரவில் தலைவிளக்கு வெளிச்சத்தில் பிடுங்குகிறார்கள். கழுவும் இயந்திரத்துக்கு அனுப்பி, விடியுமுன் லாரி ஏற்றுகிறார்கள். அன்று கேரட் பிடுங்க வந்திருந்த பெண்களில் இரண்டு பேர், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களின் மகள்கள். இயந்திர வாடகைக் கணக்கை ஒருவர் விளக்கினார். தூக்கக் கலக்கத்தில் எனக்கு ஏறவில்லை.

சமையலறைதான் அந்த வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம். தேயிலைக் கவாத்தில் விழுந்த குச்சிகள் அடுப்புக்கு. சீகைமர விறகு வாங்குவது விருந்தாளி வந்தால்தான். சாம்பல் பூண்டுப் பாத்திக்குப் போகிறது, அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. லாரி ஏறாத கேரட், அதாவது உடைந்தது, வெடித்தது, இரண்டு கால் முளைத்தது எல்லாம் வீட்டோடு நிற்கும். கோலிக்குண்டளவு கிழங்கைத் தோலோடு வேகவைத்து, போன பட்டத்தில் காயவைத்த அவரையோடு சேர்த்து, வீட்டில் இடித்த பொடி போட்டு உதக்க என்ற குழம்பு. அதற்கு ராகிக் களி. பீட்ரூட் இலையும் முள்ளங்கி இலையும் பொரியல். குளிரில் தயிர் உறையாது. புரை ஊற்றிய பாத்திரத்தைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறார். ஸ்வெட்டர் மகனுடைய பள்ளிக்கூடத்து ஸ்வெட்டர். ஊதா நிறம்.

இதையெல்லாம் சிக்கனம் என்று மெச்சி எழுதத்தான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அலமாரியிலிருந்து மண்டிச் சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "படிச்சுச் சொல்லுங்க, எனக்குக் கண்ணு தெரியல." 45 கிலோ மூட்டைக் கணக்கில் கிழங்கு. லாரி வாடகை, இறக்குக் கூலி, சாக்கு, கமிஷன், ஈரத்துக்குக் கழிவு, பிறகு 'இதர' என்று ஒரு வரி. இதர என்றால் என்ன என்றேன். "அதைத்தான் நானும் கேக்கறேன்." நாலரை மணிக்கு எழுந்து செடி செடியாகத் தண்ணீர் காட்டி வளர்த்தவருக்கு, ஏசி காரில் வந்து ஏலம் எடுப்பவர் ஒரு வார்த்தை சொல்லக் கடமையில்லையா? விதையும் உரமும் முன்பணமாக மண்டிக்காரர்களே தருவதால், சரக்கு வேறெங்கும் போகவும் முடியாது. விலை சொல்பவரும் கடன் கொடுத்தவரும் ஒரே ஆள் என்றால் அதற்குப் பெயர் சந்தையா? நான் குரலை உயர்த்திக்கொண்டே போனேன். அத்தை சீட்டைத் திரும்ப வாங்கி மடித்து, அதே இடத்தில் வைத்தார். "களி ஆறுது, சாப்பிடுங்க."

மாலையில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, துருவேறி அடைத்த துளைகளை ஆணியால் மறுபடி திறந்தார். நான் டார்ச் பிடித்தேன். ஓரத்தில் இரண்டு துளையை மட்டும் வேண்டுமென்றே விட்டார். அதைத் திறந்தால் தண்ணீர் இடதுபக்கம் சாய்கிறதாம்.

மறுநாள் நாலரைக்கு நானே எழுந்து காதுக்குல்லா மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அத்தை கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தார். ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை. "மூட்டம் போட்டிருக்கு, பனி இறங்காது. போய்ப் படுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்த்திருந்த கழியை மழைபட்டாலும் நனையாத மூலைக்கு நகர்த்தி வைத்தார்.