மணல் இருந்த ஆறு

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்கிறது என்பதைப் பள்ளிக்கூடப் புத்தகமே சொல்லிவிடும். எங்கள் வீட்டில் அந்த ஆற்றுக்கு வேறு கணக்கு. பாபநாசம் என்றால் பெரியம்மை வீடு. திருநெல்வேலி ஜங்ஷன் என்றால் மாமா வீடு. ஸ்ரீவைகுண்டம் தாண்டினால் ஆச்சி வீடு. முழுப்பரீட்சை முடிந்த கையோடு எழும்பூரில் ரயில் ஏறினோமென்றால், பள்ளிக்கூடம் திறக்கும்வரை ஏதாவது ஒரு கரையில்தான் கிடப்போம். மேலிருந்து கீழே வரிசையாகத்தான் எழுத நினைக்கிறேன். ஆச்சி ஊர் வந்ததும் எனக்குக் கால் நகராது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆறு ஊற்றெடுக்கும் பூங்குளத்துக்கு நான் போனதில்லை. காரையாறு அணையில் படகேறிப் பாணதீர்த்தம் போவது அந்தக் காலத்தில் லீவுக்கு வந்த பிள்ளைகளுக்குச் செய்யும் மரியாதை. இப்போது புலிகள் காப்பகத்துக்குள் அப்படி நினைத்தபடி போக முடியாது. அருவிக்கரையில் கூட்டம் போட்டுவிட்டு வந்த ஷாம்பு உறைகளைப் பார்த்தவர்கள் அந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள்.

பெரியப்பாவுக்கு விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை. ஆற்றின் விசையை நம்பி 1880களில் ஹார்வி கம்பெனியார் தொடங்கிய மில் அது. சங்கு ஊதினால்தான் பெரியம்மை உலை வைப்பாள். குற்றாலம் எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. லீவு விடும் சித்திரையில் அங்கே பாறைதான் தெரியும், சீசன் ஆரம்பிக்கையில் எங்களுக்கு லீவு முடிந்துவிடும். ஆகவே எங்களுக்கு அருவி என்றால் கோடையிலும் விழுகிற அகத்தியர் அருவிதான்.

பாபநாசம் கோயில் படித்துறையில் இன்று இறங்கினால் காலில் சேலை சுற்றுகிறது. பரிகாரம் செய்ய வருகிறவர்கள் முங்கி எழுந்து, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். டன் கணக்கில் அள்ளுகிறார்கள், மறு அமாவாசைக்கு மறுபடியும் சேர்ந்துவிடுகிறது. பாவத்தை ஆற்றில் விடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பாலியெஸ்டரையும் விடலாம் என்று யார் சொன்னார்கள்?

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி. எல்லாம் பஸ் ஜன்னலில் பார்த்த வயலும் வாய்க்காலும்தான். இந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த வழியில் எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை.

திருநெல்வேலியில் அல்வாவை விட்டுவிடுகிறேன், அதைப் பற்றி எழுதாதவர் கிடையாது. மாமா விடியற்காலையில் எங்களைக் குறுக்குத்துறைக்கு ஓட்டிக்கொண்டு போவார். ஆற்றுக்குள்ளேயே பாறைமேல் இருக்கிற முருகன் கோயில். வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், மூலவர் முங்கிக்கொண்டு இருப்பார். அந்தப் படியில் நீச்சல் பழகிய மாமா இன்று அங்கே கால் நனைக்க மாட்டார். மாநகரத்துச் சாக்கடை கலக்கும் இடங்களை அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து கரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன்னால் எத்தனை வழக்கு, எத்தனை உத்தரவு!

கொக்கிரகுளத்தைக் கடக்கும்போது சும்மா போக முடிவதில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக வந்த ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதில் 17 பேர் ஆற்றில் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. மாஞ்சோலையும் இதே ஆற்றுக்கு நீர் தருகிற மலைதான்.

இனி ஆச்சி ஊர்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஊர் வடகரையிலும் ரயில் நிலையம் தென்கரையிலும் இருக்கின்றன. நடுவே ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு. மற்ற ஏழும் பழசு. இது வெள்ளைக்காரன் கட்டியது. வடகாலும் தென்காலும் தண்ணீரைப் பிரித்துக்கொண்ட பிறகு கோடையில் அணைக்குக் கீழே மிஞ்சுவது கசிவுதான். எங்கள் ஊர் அந்தக் கசிவில் இருந்தது: வடகரை, இரட்டைத் திருப்பதிக்கு அடுத்து. பஸ்ஸில் சுற்றி வரலாம். தாத்தாவுக்கு அது பிடிக்காது. ஆழ்வார்திருநகரி ஸ்டேஷனில் இறக்கி, ஊருக்குள் நடத்தி, ஆற்றில் இறக்கிவிடுவார். எதிரே பனங்காட்டுக்குப் பின்னால் எங்கள் ஊர்.

இறங்கியதும் மணல். தண்ணீர் எங்கேயோ நடுவில். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு ஆட்கள் முன்னால் போவார்கள். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தங்கச்சியை இடுப்பில் வைத்திருப்பாள். திருச்செந்தூர் பாசஞ்சர் தாமதமாக வந்த நாளென்றால் மணல் கொதிக்க ஆரம்பித்திருக்கும். ஒரு நாணல் தட்டையிலிருந்து அடுத்த தட்டைக்கு ஒரே ஓட்டம், அங்கே கொஞ்சம் நின்று பாதத்தை ஆற்றிக்கொண்டு மறுபடியும் ஓட்டம். "செருப்புப் போட்டா ஆத்துல இறங்குவ? கழத்துல" என்பார் தாத்தா. நடுவில் முழங்கால் அளவு ஓடை. அப்பா மெட்ராஸில் காய்ச்சிய தண்ணீர்தான் குடிப்பார். அங்கே மட்டும் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார். காலில் அயிரை வந்து கொத்தும்.

காலையில் ஆச்சியோடு ஊற்றுக்குப் போவது எங்கள் வேலை. குடம், ஒரு சிரட்டை. மணலை முழங்கை ஆழத்துக்குப் பறித்தால் பக்கவாட்டில் நீர் கசியும். முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும், அதைச் சிரட்டையால் இறைத்துவிட வேண்டும். மறுபடி ஊறுவதையும் இறைக்க வேண்டும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அவசரப்பட்டால் ஆச்சி திட்டுவாள். மூன்றாவதாக ஊறி வருவது கண்ணாடி. ஒரு வீட்டு ஊற்றில் இன்னொரு வீட்டார் கால் வைக்க மாட்டார்கள். குடத்தை நிறைத்துவிட்டுத் திரும்பும் வழியில் பனையடியில் பட்டையில் பதனி வாங்கித் தருவாள், மாங்காய்க் கீற்றுப் போட்டு. நுங்கு தின்று மிஞ்சிய கூந்தலை உருட்டி வண்டி ஓட்டுவதில்தான் எங்கள் பகல் கழியும்.

கார் சாகுபடிக்கு ஜூன் மாதம் அணை திறப்பார்கள். அதற்குள் நாங்கள் ரயில் ஏறிவிடுவோம். ஆகவே ஆறு நிறைந்து போவதை எங்கள் வயதில் நாங்கள் பார்த்ததே இல்லை. எங்களுக்கு ஆறு என்றால் மணல்தான். இன்று யோசித்தால் நாங்கள் பார்த்ததுதான் சரியான ஆறு என்று படுகிறது. ஐப்பசி கார்த்திகையில் பெய்ததை, நெல்லைக் குலுக்கையில் கொட்டி வைப்பதுபோல, ஆறு மணலுக்குள் கொட்டி வைத்திருந்தது. சித்திரை வைகாசியில் நாங்கள் அந்தக் குலுக்கையிலிருந்து சிரட்டையால் அள்ளிக்கொண்டிருந்தோம்.

குலுக்கையையே தூக்கிக்கொண்டு போனவர்களைத்தான் அதன்பிறகு பார்த்தோம். முதலில் மாட்டு வண்டி, பிறகு லாரி, பிறகு ராவெல்லாம் இயந்திரம். ஸ்ரீவைகுண்டத்துக்காரரான ஆர். நல்லகண்ணு, எண்பது வயதைத் தாண்டிய நிலையில், 2010இல் மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடித் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை வாங்கினார். ஸ்ரீவைகுண்டம் அணைக்குள் தூர்ந்து கிடக்கும் வண்டலை எடுக்கச் சொல்லி இன்னொரு வழக்கு, 2015இல் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. தூர்வார அனுமதி வந்தது. எடுப்பது வண்டலா மணலா என்று அப்புறம் ஒரு சண்டை. இதற்கிடையில் அதே அணையிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் எடுக்கும் திட்டம் வேறு. தென்கால் கடம்பாகுளத்தை நிரப்ப வேண்டும், வடகால் கடைமடைவரை போக வேண்டும், அவற்றுக்கு மிஞ்சியதுதான் ஆலைக்கு என்பது விவசாயிகள் கேட்கிற நியாயம். கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஊற்றுப் பறித்த இடத்தில் இப்போது களி தெரிகிறது. களிமேல் சீமைக்கருவேல், நீர் தேங்கிய பள்ளத்தில் அமலைச் செடி. கரையோரக் கிணறுகளில் கயிற்றின் நீளம் கூடிவிட்டது. நடந்து அக்கரை போக வழியில்லை, முள்.

அந்த வழியில்தான் பெருமாள்கள் போனார்கள். வைகாசித் திருவிழாவில் ஐந்தாம் நாள் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது கருட சேவை. நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் நம்மாழ்வாரைப் பார்க்க வருகிற நாள். ஸ்ரீவைகுண்டம், நத்தம், புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி எல்லாம் வடகரை. அந்தப் பெருமாள்கள் ஆற்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டார் சொக்கனுக்கும் சுடலைமாடனுக்கும் உரியவர்கள். கோயில் தீர்த்தத்தைக்கூட ஆச்சி யோசித்துத்தான் வாங்குவாள். ஆனால் கருட சேவைக்கு ஊரில் ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது. "வருசம் முச்சூடும் அந்தக் காட்டுக்குள்ள தனியா நிக்கிற சாமி. இன்னைக்கு ஒரு நாளு விருந்துக்குப் போகுது. நாம துணைக்குப் போக வேண்டாமா?" என்பாள். அன்று இரட்டைத் திருப்பதி அப்படித்தான் இருந்தது: வயலும் புதருமாக, பகலிலும் ஆள் நடமாட்டமில்லாமல், தேவபிரானுக்கு ஒரு கோயில், அரவிந்தலோசனருக்கு ஒரு கோயில்.

பல்லக்கு மணலில் இறங்கியதும் சீர்பாதம் தாங்கிகளின் நடை மாறிவிடும். தரையில் ஒரு தாளமாக ஆடி வந்தவர்கள் மணலில் கால் புதையப் புதைய ஒருபக்கம் சாய்வார்கள், குடை மறுபக்கம் சாயும், கூட்டம் 'கோவிந்தா' என்று கத்தும். கத்துவதில் பாதி பக்தி, பாதி பயம். ஓடைக்கு வந்ததும் எங்களைப் போன்ற பொடியன்கள் முன்னால் ஓடி ஆழம் பார்த்துச் சொல்ல வேண்டும். "இங்கன முழங்கால்தான் தாத்தா, இங்கன வாங்க!" என்று சாமிக்கு வழிகாட்டிய கர்வம் அடுத்த லீவுவரை தாங்கும். முகத்தில் வழியும் வேர்வையைத் துடைக்கத் தாங்கிகளுக்குக் கை கிடையாது. ஒரு கிழவி கூடவே நடந்து, தன் முந்தானையால் ஒவ்வொருவருக்காகத் துடைத்துவிடுவாள். கோயில் மரியாதை, பரிவட்டம், முதல் தீர்த்தம் எல்லாம் யார் யாருக்கோ. அந்தக் கிழவிக்கு எதுவும் கிடையாது. அவள் கேட்டதுமில்லை.

அக்கரையில் ஆழ்வார் பல்லக்கில் காத்திருந்து ஒவ்வொரு பெருமாளாக எதிர்கொள்வார். அவர் பாடிய பெருமாள்கள் அவரைத் தேடி வருகிறார்கள் என்பது ஆச்சிக்கு ரொம்பப் பிடித்த விஷயம். "பாடுனவனத் தேடி வாரானுவ பாரு" என்று வருசா வருசம் புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சொல்வாள். ராத்திரி கருட சேவை. ஒன்பது கருடன்கள், அவற்றுக்கு எதிரே அன்ன வாகனத்தில் ஆழ்வார், தீவட்டிப் புகை, கோஷ்டியின் பாட்டு. நாங்கள் யார் வீட்டுத் திண்ணையிலோ தூங்கிப்போவோம். ஐந்தாவது கருடன் வரும்போது எழுப்புங்கள் என்று சொல்லிவைப்போம். எழுப்பியது யாருமில்லை. விடிந்த பிறகு, பெருமாள்களும் ஆழ்வாரிடம் சொல்லிக்கொண்டு புறப்பட, நாங்கள் ஈர மணலில் நடந்து வீடு வருவோம். ஒரு கை நிறைய பொரியும், தங்கச்சிக்கு ஒரு கிலுகிலுப்பையும்.

திருவிழா இன்றும் நடக்கிறது, கூட்டமும் கூடியிருக்கிறது. ஆழம் பார்த்துச் சொல்லப் பொடியன்கள் தேவைப்படுவதில்லை.

ஆழ்வார்திருநகரிக்குக் கீழே ஆறு சீக்கிரம் முடிந்துவிடும். ஏரல், வாழைத்தோட்டங்கள். வடக்கே கொற்கை, முத்து ஏற்றுமதியான துறைமுகம், ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலால் இன்று கடலைக் காணாத கிராமம். ஆத்தூர், வெற்றிலை. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த வெற்றிலை அது. ஆச்சிக்கு ஆத்தூர் வெற்றிலை இல்லாமல் சாப்பாடு இறங்காது, குறியீடு கிடைக்க அவள் காத்திருக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீட்டருக்கு மேல் பெய்தது. ஏரல் தீவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். தங்கள் வீடே நனைந்துகொண்டிருந்த புதுக்குடிக்காரர்கள் அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். வெள்ளம் வடிந்ததும் எத்தனை டி.எம்.சி. வீணாகக் கடலுக்குப் போயிற்று என்ற கணக்கு ஆரம்பித்தது. கடலுக்குப் போவதை வீண் என்பவர்கள் புன்னைக்காயல் மீனவரிடம் ஒருநாள் பேசிப் பார்க்கலாம். பிடித்து வைக்க வேண்டும் என்ற அக்கறை நியாயமென்றால், பிடித்து வைத்திருந்த மணலை அள்ளியபோது அது எங்கே போயிருந்தது?

புன்னைக்காயலுக்கு அப்பாவின் சிநேகிதர் ஒருவர் எங்களைக் கூட்டிப்போவார். வள்ளத்தில் ஏறி, முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டு போகையில் எங்களுக்குள் ஒரு பந்தயம்: கையை விட்டு நக்கிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும், உப்புத் தொடங்கும் இடத்தை யார் முதலில் சொல்கிறார்களோ அவர்களுக்கு நாலணா. மூக்கு வரை உப்பு ஏறினாலும் அண்ணன் "இன்னும் இல்ல, இன்னும் இல்ல" என்பான், பந்தயத்தை நீட்டிக்க. ஆற்றில் நீர்வரத்தும் மணலும் குறைந்த பிறகு உப்பு மேலே ஏறி வந்துவிட்டது. அதைத் தடுக்க முக்காணிப் பக்கம் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். அந்தத் தடுப்பணைக்கு மேலேயும் ஆறு இருக்கிறது, எட்டு அணைக்கட்டுகளும் ஒரு மாநகரத்துச் சாக்கடையும் பாபநாசத்துச் சேலைகளுமாக. கடலைத் தடுத்ததற்குத் திறப்பு விழா வைத்தால், இவற்றுக்கும் ஒரு தேதி குறித்துவிட்டு வைக்கட்டும்.