வெண்டைக்காய்க்கு எத்தனை பக்கம்?

வெண்டைக்காய்க்கு எத்தனை பக்கம் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். தினமும் நறுக்குகிறவர்கள்கூடச் சற்று யோசிப்பார்கள். சந்தையில் கிடைப்பதில் பெரும்பாலும் ஐந்து. ஆறு, ஏழு உள்ளவையும் வரும். குறுக்கே வெட்டினால் உள்ளே அத்தனை அறைகள், அறைக்கு ஒரு வரிசை விதை. டிசைன் கல்லூரியில் சேர்ந்த முதல் பருவத்தில்தான் இது எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் வெண்டைக்காயைப் பார்க்காதவளா நான்? நுனியை ஒடித்து முற்றலா பிஞ்சா என்று சோதித்து வாங்கி வந்தவள்தான். வாங்குவதற்கு எண்ண வேண்டியதில்லை. வரைவதற்கு எண்ண வேண்டும்.

வகுப்பு வெறும் கோட்டில்தான் தொடங்கியது. கார்ட்ரிட்ஜ் தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஸ்கேல் இல்லாமல், மணிக்கட்டை அசைக்காமல், தோளிலிருந்து கையை வீசிப் போட வேண்டும். பிறகு வட்டம், நீள்வட்டம், பெட்டி. கிரியேட்டிவிட்டி என்று ஆசையோடு வந்தவர்களுக்கு இது இம்போசிஷன் மாதிரி இருந்திருக்கும். இருந்தது. 2பி பென்சில் உண்டு, 6பி உண்டு, ரப்பர் மட்டும் கூடாது. தப்பான கோட்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் சரியானதைப் போடச் சொன்னார் ஆசிரியர். எந்தப் பக்கம், எவ்வளவு விலகிப் போனோம் என்பதைக் காட்ட அந்தத் தப்பான கோட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அதைவிட வேடிக்கையான பயிற்சி, தாளைப் பார்க்காமல் வரைவது. கண் பொருளின் விளிம்பை விட்டு அகலக் கூடாது. கண் நகரும் வேகத்தில் எறும்பாகப் பென்சிலும் ஊர வேண்டும். கிமோன் நிகோலாய்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் கற்பித்த முறை இது. அவர் மறைந்த பிறகு, 1941இல் வெளிவந்த அவருடைய பாடநூல் வழியாக உலகமெங்கும் பரவியது. இப்படி வரைந்தால் மூக்கு ஓரிடம், முழி ஓரிடம் என்று கோணலாகத்தான் வரும். ஆனால் அந்தக் கோணலில் ஒவ்வொரு நெளிவும் உண்மையாக இருக்கும். காரணம் எளிது. நம் எல்லோர் கையிலும் சின்ன வயதிலேயே ஓர் இலை குடியேறிவிடுகிறது: இரண்டு வளைகோடு, நடுவில் ஒரு நரம்பு. மாவிலை, அரசிலை, பூவரசிலை எதை முன்னால் வைத்தாலும் கை அந்தப் பழைய இலையைத்தான் போடும். தாளிலிருந்து கண்ணை எடுத்துவிட்டால் கைக்கு அந்த வசதி போய்விடுகிறது.

விடுமுறைக்கு உடன்குடிப் பக்கம் ஆச்சி வீட்டுக்குப் போனபோதும் இந்த வேலையை விடவில்லை. “ஏட்டி, அது குழம்புக்குப் போகணும். இன்னும் எவ்வளவு நேரம் அதையே முறைச்சுக்கிட்டு இருப்ப?” என்று ஆச்சி வெண்டைக்காயைப் பிடுங்கிக்கொண்டு போனாள். படிப்பு எதைப் பற்றியது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் அவள் சொல்லும் பதில் இன்றுவரை “காய்கறி படம் போடுற படிப்பு” என்பதுதான். முதல் பருவத்தைப் பொறுத்தவரை அதில் பிழை ஒன்றும் இல்லை.

பருவக் கடைசியில் ஒரு வேலை கொடுத்தார்கள்: இயற்கையிலிருந்து எடுத்து ஒரு பொருளை வடிவமைக்க வேண்டும். வகுப்பில் வந்து நின்றவற்றில் பாதி, இலை வடிவ விளக்கு. மீதி, சிப்பி நாற்காலி, பட்டாம்பூச்சிக் கடிகாரம், தேன்கூட்டு அலமாரி. பாதிப் பேர் செல்போனில் தேடிக் கிடைத்த படத்தைத்தான் தாளுக்கு மாற்றியிருந்தார்கள். ஆசிரியர் யாரையும் திட்டவில்லை. “இலை தட்டையாக இருப்பது வெயில் வாங்குவதற்கு. உன் விளக்கு எதை வாங்குகிறது?” என்று மட்டும் கேட்டார். இந்தக் கேள்விக்குப் பிறகு அந்த விளக்கை யாரும் வீட்டுக்குக்கூட எடுத்துப் போகவில்லை.

அப்போது அவர் சொன்ன கதைகளில் இரண்டு மனதில் நிற்கின்றன. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் 1941இல் நாயோடு மலைப்பக்கம் போய்த் திரும்பியபோது, கால்சட்டையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு வந்த காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முள்ளின் நுனி ஒவ்வொன்றும் கொக்கி. நம் ஊரில் நாயுருவிப் புதரைத் தாண்டிப் போன எவர் வேட்டியிலும் இப்படி ஒட்டுகிற விதைகள் உண்டு. அதை உதறாமல் உற்றுப் பார்ப்பது ஒரு மாலை வேலை. நைலானில் கொக்கியும் வளையமுமாகச் செய்து காப்புரிமை வாங்க 1955 ஆகிவிட்டது. அதுதான் இன்று செருப்பிலும் பையிலும் பரக்கென்று பிரிக்கிற வெல்குரோ.

இன்னொருவர் ஜப்பானின் எய்ஜி நகாட்சு. புல்லட் ரயில் சுரங்கத்துக்குள் வேகமாக நுழையும்போது முன்னால் உள்ள காற்று அழுந்தி, மறுமுனையில் வெடிச்சத்தமாக வெளியேறும். அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தூக்கம் போகும். நகாட்சுவுக்குப் பறவை பார்க்கும் பழக்கம். மீன்கொத்தி காற்றிலிருந்து நீருக்குள் அதிகம் தெறிக்காமல் பாய்வது அவர் நினைவுக்கு வந்தது. அதன் அலகை ஒட்டி நீண்ட மூக்குடன் 500 வரிசை ரயில் 1997இல் ஓடத் தொடங்கியது. மீன்கொத்தி அழகாக இருக்கிறது என்பதற்காக யாரும் ரயிலுக்கு அலகு வைக்கவில்லை. காற்றும் நீரும் போல எதிர்ப்பு வேறான இரண்டு இடங்களுக்கு இடையே எப்படிப் போவது என்பது பறவைக்கும் ரயிலுக்கும் பொதுவான சிக்கல். குழாய்க்குள் மாதிரிகளைச் செலுத்திச் சோதித்த பிறகுதான் அந்த வடிவம் முடிவானது.

எனக்குக் கிடைத்தது பனையோலை. ஆச்சி வீட்டுக்கு வெளியே வந்தால் பனைதான், வேறு எதை வரைவேன்? ஓர் ஓலையைக் கருக்குமட்டையோடு வாங்கித் திண்ணையில் சாத்திவைத்து வரைந்தேன். முதலில் விசிறி தெரிந்தது. அடுத்தடுத்த தாள்களில்தான் மடிப்பு தெரிந்தது: மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று மட்டையிலிருந்து கிளம்பி, நுனிக்குப் போகப் போகத் தனித்தனியாகப் பிரிகிறது. குருத்துக்குள் இதே மடிப்போடுதான் நெருக்கிச் செருகியிருக்கிறது. விரிந்தபின் முழுதாகத் தட்டையாகிவிடுவதில்லை. ஒரு தாளை ஓர் ஓரத்தில் பிடித்தால் தொங்கும். அதையே விசிறியாக மடித்து நீட்டிப் பாருங்கள், விறைத்து நிற்கும். மேலே ஒரு பென்சிலையும் தாங்கும். எடை கூடவில்லை, பொருள் கூடவில்லை, ஆழம் மட்டும் கூடியிருக்கிறது. ஆள் உயரத்துக்கு அகன்ற ஓலை கடற்காற்றில் கிழிந்து தொங்காமல் இருப்பதற்கு அந்த மடிப்பும், நுனியில் காற்று புகுந்து போக விட்ட பிளவும் காரணம். வரி வரியாக வளைத்த தகரக் கூரையும் இதே கணக்கில்தான் நிற்கிறது.

மடிப்பை வரைந்த பிறகுதான் பதநீர் குடிக்கிற பட்டை எனக்குப் புரிந்தது. ஓலையின் மடிப்புகளை ஒரு முனையில் கூட்டிக் கட்டினால் நடுவில் குழி விழுகிறது. மடிப்பின் விறைப்பே சுவராகிறது. தைக்கவில்லை, ஒட்டவில்லை, ஒரு சொட்டு ஒழுகாது. பனையேறிகள் இதற்கு டிசைன் என்று பெயர் வைக்கவில்லை, பட்டப்படிப்பும் படிக்கவில்லை. நான் கடைசியில் சமர்ப்பித்தது மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும் அட்டைக் கிண்ணம் ஒன்று. பட்டையைவிடச் சிறப்பானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் எந்த ஓலையின் படமும் இல்லை.

அப்படியானால் வடிவத்தை மட்டும் எடுப்பதே மட்டமா என்றால், அதுவும் இல்லை. நாயக்கர் கால மண்டபங்களில் போதிகையிலிருந்து வாழைப்பூ தொங்குகிறது. அது எந்த எடையையும் தாங்குவதில்லை. காஞ்சிப் பட்டின் தாழம்பூ ரேக்கு, கரையோரம் பல்பல்லாக ஓடுகிறது. தாழையின் முள்விளிம்பு அப்படியேவா இருக்கிறது? நெசவில் குறுக்கும் நெடுக்குமாகத்தான் நூல் ஓட முடியும். கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக நிரப்பித்தான் பூ செய்ய வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் தாழையை எவ்வளவு குறைத்தாலும் தாழையாகத் தெரிகிறது என்று ஒருவர் பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். எதை விட்டுவிடலாம் என்று தெரிவதற்கும் முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வகுப்பு இலை விளக்குகளில் இல்லாதது அதுதான்: அவை இலையையும் பார்க்கவில்லை, செய்யப்போகும் பொருளையும் பார்க்கவில்லை.

டிசைன் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து, எந்தக் கம்பெனிப் பென்சில் வாங்குவது, எத்தனை மாதிரி விளக்குகளை மனப்பாடம் செய்வது என்று கேட்கிறார்கள். பயிற்சி நிலையங்கள் அவற்றை அச்சடித்தே கொடுக்கின்றன. தேர்வில் அவை மதிப்பெண் வாங்கித் தரலாம். முதல் பருவத்தைத் தாண்டாது. முதல் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் உண்டு: வீட்டில் இருக்கும் பென்சில் போதும். செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு காயையோ ஓலையையோ எடுத்து, அது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வரையுங்கள். ரப்பரையும் செல்போனோடு வைத்துவிடுங்கள்.