செம்பும் களிம்பும்

ஒரே முத்திரை தாங்கிய இரண்டு செப்புக்காசுகளுள் ஒன்று செம்மையாகவும் மற்றது கருமையாகவும் கிடைப்பதுண்டு. அவற்றுள் ஒன்று போலியென முடிவுகட்டுதல் எளிது. ஆயினும் நிறவேறுபாட்டின் காரணம் இரண்டு இடங்களிலே தேடற்பாலது: ஒன்று, காசு பிறந்த உலை, மற்றது, அது கிடந்த மண்.

முதலில் உலையை நோக்குவோம். தாதுவிலிருந்து செம்பை உருக்கியெடுக்கையில் இரும்பு, ஆசனிக்கு, ஈயம் முதலியனவும் சிறிதளவு உடன்வந்தன. பழங்காசுகளும் உடைந்த பாத்திரங்களும் மீண்டும் உலையேறியபோது அவற்றிலிருந்த வெள்ளீயமும் நாகமும் புதிய காசிற் புகுந்தன. சில வேளைகளில் அரசே வேண்டிக் கலந்தது. உரோமப் பேரரசன் ஒகஸ்தஸ் ஏறத்தாழக் கி.மு. 23 இல் நாணயத்தைச் சீர்செய்தபோது ‘ஆஸ்’ என்ற காசு செம்பிலும், அதனிலும் இருமடங்கு பெறுமதியுள்ள ‘துப்பொந்தியஸ்’ பித்தளையிலும் அடிக்கப்பட்டன. அளவில் ஏறத்தாழ ஒத்த அவ்விரண்டையும் சிவப்பும் மஞ்சளுமே பிரித்துக்காட்டின. அப்பித்தளையில் தொடக்கத்தில் ஐந்திலொரு பங்களவு நாகம் இருந்தது. பின்வந்த இரு நூற்றாண்டுகளில் அது படிப்படியாகக் குறைந்தது. செம்பு உருகுவதற்கு 1085 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். எனவே பழங்காசுகளை உருக்கிய ஒவ்வொரு தடவையும் நாகத்தில் ஒரு பகுதி புகையாய்ப் போயிற்று.

இனி மண்ணின் செயல். காற்றுப்பட்ட செம்பில் முதலிற் படிவது செந்நிற ஒட்சைட்டு. பின்னர் கருநிற ஒட்சைட்டும் உண்டாகலாம். ஈரமும் காபனீரொட்சைட்டும் சேருமிடத்துப் பச்சைக் காபனேற்று தோன்றும். உப்புச் செறிந்த கரையோர மண்ணில் குளோரைட்டு உட்புகுந்து, வெளிர்பச்சைத் தூளாகக் காசையே அரித்துவிடும். ஒரே முட்டியிலிருந்து எடுத்த காசுகளுங்கூட இதனாலேயே நிறத்தால் வேறுபடக்கூடும்.

சைவ சித்தாந்திகள் உயிரைப் பற்றிய ஆணவத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறுவர். அங்கே அது நீக்கப்படவேண்டிய மலம். வரலாற்று மாணவனுக்கோ காசின் களிம்பு மலமன்று, சாட்சியம். நந்தியுருவும் ‘சேது’ என்ற தமிழ்ச் சொல்லும் பொறித்த காசுகளை வெளியிட்ட யாழ்ப்பாண அரசு 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அவ்வரசின் காலத்து எழுத்தாவணங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஆகையால் அதன் ஒவ்வொரு காசும் ஓர் ஆவணமாகும்.

அத்தகைய காசொன்று தோட்டங் கொத்துபவர் கையில் அகப்பட்டால், பழப்புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கப்படுகின்றது. எழுத்துத் தெளிவாகத் தெரியவேண்டுமென்பதே அவரது விருப்பம். அவ்விருப்பத்திற் குறைகாண இயலாது. ஆனால் எழுத்தின் நுண்ணிய விளிம்புகள் பல வேளைகளில் களிம்புப் படையிலேயே தங்கியிருக்கும். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கையில் அவ்விளிம்புகளும் கரைகின்றன. காசு கிடந்த மண்ணின் அடையாளமும் அழிகின்றது. மிஞ்சுவது மினுங்கும் செப்புத்துண்டு மாத்திரமே.

பச்சையோ கருமையோ, கண்ட நிறத்திலேயே காசை உலர்வாக வைத்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, தொல்லியலறிந்தோரிடம் சேர்ப்பித்தல் பெருஞ்செலவு வேண்டும் பணியன்று. புளியை எடுக்கும் கை சற்றுத் தாமதித்தாலே போதும்.