பின் சக்கரத்து டயர்

நாலு மிதி மிதித்துவிட்டுக் காலை ஓய்வாக வைத்துக்கொண்டு சைக்கிளில் போகிற சுகம் இருக்கிறதே, அதைத் தருவது பின் சக்கரத்திலுள்ள பிரீவீல் என்ற சின்னச் சாமான். டிக்டிக்கென்று சத்தம் போடுமே, அதுதான். பிக்ஸட் கியர் சைக்கிளில் அது கிடையாது. சக்கரம் சுற்றும் வரை பெடல் சுற்றும். பெடல் சுற்றும் வரை காலும் சுற்றியாக வேண்டும். பிடிவாதக்காரர்களோடு குடித்தனம் செய்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

என் தங்கை பிள்ளை இப்படி ஒன்றைப் பழசாக வாங்கிக்கொண்டு வந்தான். "டயர் மட்டும் நீங்க சொல்லுங்க மாமா. சிவப்பா, ஒல்லியா இருந்தா எடுப்பா இருக்கும்" என்றான். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். பிரேக்கே இல்லை.

"எதுக்கு மாமா? காலை இறுக்கினா பின் சக்கரம் நின்னுடும்."

தங்கை சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

அவன் சொன்னது பொய்யல்ல. உடம்பை முன்னால் சாய்த்து, பெடல்கள் மட்டமாக வரும்போது காலை இறுக்கினால் பின் சக்கரம் தரையில் தேய்ந்துகொண்டே போய் நிற்கும். அதாவது, அவனுக்கு டயர்தான் பிரேக் கட்டை. அது தேய்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இருவரும் உட்கார்ந்து பற்களை எண்ணினோம். முன்னால் 48, பின்னால் 16. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் சரியாக மூன்று சுற்று. ஒரே காலை முன்வைத்து நிறுத்துகிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் டயரின் அதே இடம்தான் தரையில் தேயும். மற்ற இடமெல்லாம் புத்தம் புதிதாயிருக்க, அந்த ஓரிடத்தில் நூல் தெரிந்துவிடும். பின் சக்கரத்தில் ஒரே ஒரு பல் கூட்டி 17 ஆக்கினால், தேய்மானம் 17 இடங்களுக்குப் பங்காகிவிடும். பையன் வாயைப் பிளந்தான்.

சிவப்பு வேண்டாம் என்றேன். டயரின் கறுப்பு அழகுக்காக வந்ததல்ல. ரப்பரில் கலக்கும் கரித்தூள்தான் அதற்குத் தேய்மானத்தைத் தாங்கும் சக்தியைக் கொடுக்கிறது. பின்னால் தடித்த கறுப்பு டயர்.

அகலம் 23 மில்லிமீட்டர் போதும் என்றான். அதற்கு நூறு பவுண்டு அளவில் காற்றடிக்க வேண்டும். நம் தெருப் பள்ளங்களில் முதுகெலும்பு பேசும். 28 என்றால் காற்றைக் குறைத்து வைக்கலாம். குலுங்கினால் வேகம் என்று தோன்றுமே தவிர, மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கு அந்தக் குலுக்கலிலேயே போகிறது. 1888-ல் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கிய டன்லப், கால்நடை வைத்தியர். தம் பையனின் மூன்று சக்கர வண்டிக்காகத்தான் அதைச் செய்து பார்த்தார்.

தெருமுனைக் கடையில் "28 இருக்கா?" என்றால், "இருக்கு சார்" என்று பால்காரர் சைக்கிளின் 28 அங்குல டயரை எடுத்துப் போடுவார்கள். அது உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். இவன் ரிம் 622. டயரின் பக்கவாட்டில் 28-622 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு பிரேக்குக்கு வந்தேன். நிறுத்தும்போது உடம்பின் பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பாரமில்லாத பின் சக்கரம் எவ்வளவு தேய்ந்தாலும் வண்டி நெடுந்தூரம் ஓடித்தான் நிற்கும். எந்த டயரும் இதை மாற்றாது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் அந்தத் தூரம் கிடைக்குமா?

"பிரேக் வச்சா எல்லாரும் சிரிப்பாங்க மாமா."

"சிரிக்கட்டும். டயர் இரண்டும் 17 பல் சக்கரமும் என் செலவு. முன் பிரேக் உன் செலவு."

கொஞ்ச நேரம் பெடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினான். டயர்கள் வந்துவிட்டன. பிரேக் வாங்க ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அதுவரை சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே பூட்டிக் கிடக்கிறது. சாவி என் தங்கையிடம்.