விடைபெறுதலும் கல்வியே

குருகுலத்தில் வேதம் பயின்று முடித்த மாணவன் வீடு திரும்பும் நாளுக்கென்று நம் முன்னோர் ஒரு சடங்கையே வகுத்து வைத்தனர். அதற்குச் சமாவர்த்தனம் என்று பெயர். திரும்பி வருதல் என்பது அச்சொல்லின் பொருள். அன்று மாணவன் நீராடிப் புத்தாடை உடுத்தி, குருவுக்குத் தட்சிணை அளித்து, அவர் ஆசியுடன் விடைபெறுவான். தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில், அவ்வாறு புறப்படும் சீடனுக்கு ஆசிரியர் கூறும் அறிவுரை இடம் பெற்றுள்ளது. வாய்மை, அறம், கற்றதை மறவாமை, தாயையும் தந்தையையும் குருவையும் விருந்தினரையும் தெய்வமாகப் போற்றுதல், கொடுப்பதைச் சிரத்தையுடன் கொடுத்தல் என அது விரிந்து செல்லும். இக்காலத்தில் இச்சடங்கு திருமணத்துக்கு முன் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஆயினும் அதன் உட்பொருள் இன்றைய பிள்ளைகளுக்கும் வேண்டியதே என்பதைச் சென்ற மார்கழியில் உணர்ந்தேன்.

எங்கள் காரைக்கால், கடல் கடந்து செல்வதற்குப் பழகிய ஊர். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்து, 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சியின் கீழ் வந்தது. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் இங்கு இன்றும் பல. ஆகவே என் தம்பியின் மகள், தன் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகச் செமஸ்டர் எனப்படும் அரையாண்டுப் பருவத்தைப் பாரிஸ் நகரில் பயிலச் சென்றபோது தெருவில் எவரும் வியக்கவில்லை. ஆகஸ்டு இறுதியில் சென்றவள் டிசம்பர் இறுதியில் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் மாதம் முழுதும் அவளுக்கு அழுகைதான். ‘இங்கே இருக்க முடியவில்லை’ என்று தாயிடம் நாள்தோறும் புலம்புவாள். மார்கழி பிறந்ததும் நிலைமை மாறியது. இங்கே விடியற்காலை நாலரை மணி என்றால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டு. நான் நீராடித் திருநீறு அணிந்து கயிலாசநாதர் கோயிலுக்குப் புறப்படும் வேளையில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

“பெரியப்பா, ஊருக்கு வர ஆசையாகவும் இருக்கிறது. இதை விட்டு வர மனமும் இல்லை. உறக்கம் வரவில்லை” என்றாள்.

அவள் தாய் இதை அறிந்தபோது மனம் புண்பட்டாள். “நாலு மாதத்தில் அந்த ஊர் நம்மைவிடப் பெரிதாகிவிட்டதா? இந்தப் பெண் இனி இங்கே ஒட்டுவாளா?” என்று என்னிடம் கேட்டாள். அவ்வச்சத்தில் நியாயம் உண்டு. படிக்கச் சென்று அங்கேயே தங்கிவிட்டவர்களை எங்கள் ஊர் நிறையக் கண்டிருக்கிறது.

பிரிய மனம் வராமை தாய்நாட்டுக்குச் செய்யும் துரோகம் அன்று என்பதை இருவருக்கும் உணர்த்த வேண்டியிருந்தது. மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் வரும் கசனின் கதையை அடுத்த நாள் அவளுக்குச் சொன்னேன். தேவகுரு பிருகஸ்பதியின் மகன் கசன், இறந்தோரை எழுப்பும் மந்திரத்தைக் கற்பதற்காக அசுரகுரு சுக்கிராச்சாரியாரிடம் மாணவனாகச் சேர்ந்தான். அயல்நாட்டுக் கல்வி என்றால் இதைவிட அயலான நாடு ஏது? அசுரர்கள் அவனைப் பலமுறை கொன்றனர். குரு ஒவ்வொரு முறையும் உயிர்ப்பித்தார். விரதம் முடிந்து புறப்படும் நாளில் குருவின் மகள் தேவயானி தன்னை மணக்குமாறு வேண்டினாள். குருவின் மகள் தனக்கு உடன்பிறந்தாள் என்று கசன் மறுத்தான். கற்ற வித்தை உனக்குப் பலிக்காது போகட்டும் என்று அவள் சபித்தாள். தனக்குப் பலிக்காவிடினும் தான் கற்பிப்பவருக்குப் பலிக்கும் என்று கூறி அவன் விடைபெற்றான். பிரிவின் வலியையும் தாங்கிக்கொண்டு, கற்றதைத் தன்னவருக்குக் கொண்டுசென்றவன் அவன்.

“அது புராணம் பெரியப்பா” என்றாள் பேத்தியைப் போன்ற உரிமையோடு. எனவே அடுத்த நாள், நம் மண்ணில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் கடலோடு கலக்கும் அரசலாறு, கும்பகோணத்தைக் கடந்துதான் இங்கு வருகிறது. அக்கும்பகோணத்தில் வளர்ந்தவர் கணிதமேதை இராமானுஜன். நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறி, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியை அடைந்தார். போர்க்காலம், குளிர், சைவ உணவுக்குத் தட்டுப்பாடு, நோய் ஆகிய அனைத்தையும் கண்டார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் ஆனார்.

அவருடைய இங்கிலாந்து வாழ்வின் இறுதி நாட்களில் நிகழ்ந்த ஒன்றை, வங்கியில் பணியாற்றிய நான் பலமுறை எண்ணி வியந்ததுண்டு. ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தது. 1919 ஜனவரி 11 அன்று, நோயாளியாக இருந்த நிலையில், அவர் நன்றி தெரிவித்து எழுதிய கடிதத்தில் அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றார். ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்குச் சேர வேண்டும். தம் இன்றியமையாச் செலவுகள் போக எஞ்சுவதை ஏழை மாணவர், அனாதைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1919 மார்ச் 27 அன்று பம்பாயில் வந்திறங்கினார். 1920 ஏப்ரல் 26 அன்று இறைவனடி சேரும்வரை கணிதத்தை விடவில்லை.

“உன் வங்கிக் கணக்கை மூடப் போகிறாய் அல்லவா? பாக்கி ஏதும் நிற்காதபோதுதான் எந்தக் கணக்கையும் மூட முடியும். உன் மனத்தை உறுத்துவது அங்கே நீ பட்ட கடன். யார் யாருக்குக் கடன்பட்டாய் என்று எழுதிப் பார்” என்றேன்.

எழுதினாள். பாடம் நடத்திய ஆசிரியர், நூலகத்தில் உதவியவர், காய்ச்சலில் கஞ்சி வைத்துத் தந்த அறைத்தோழி, மாடிப்படி துடைக்கும் பெண்மணி என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொருவரையும் நேரில் கண்டு நன்றி கூறினாள். எங்கள் கோயில் திருநீறு குங்குமப் பொட்டலத்தை மட்டும் ஒருவருக்காக வைத்திருந்தாள். பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. 1985இல் தொடங்கிய அவ்வாலயத்துக்கு இவள் வெள்ளிதோறும் செல்வாள். அங்கே இலங்கைத் தமிழ் அம்மையார் ஒருவர் இவளைத் தேடி வந்து பிரசாதம் கொடுப்பது வழக்கம்.

புறப்படுவதற்கு முந்திய வெள்ளியன்று இவள் அழுதபடி பொட்டலத்தை நீட்ட, அவர் அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு சொன்னாராம்: “அழாதே பிள்ளை. உனக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் இருக்குது, வாசல்ல பாத்துக்கொண்டு நிக்க ஒரு அம்மா இருக்கிறா. எனக்கு ரெண்டும் இல்லை. சந்தோசமாப் போட்டு வா.” போரில் வீடிழந்து வந்தவர் அவர்.

இதை அவள் எங்களிடம் தொலைபேசியில் கூறியபோது தம்பி மனைவி அருகில் இருந்தாள். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த அம்மாவுக்கு நான் நமஸ்காரம் சொன்னதாகச் சொல்” என்றாள். மகளை அயலூர் பறித்துக்கொண்டது என்ற எண்ணம் அன்றோடு அகன்றது. தான் இல்லாத இடத்தில் தன் குழந்தைக்குத் தாயாக இருந்தவர் ஒருவர் உண்டு என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

பெண் ஊர் திரும்பினாள். சனிக்கிழமை மாலைகளில் தெருப் பிள்ளைகள் இருவருக்குப் பிரெஞ்சுப் பாடம் சொல்லித் தருகிறாள். கசனின் வித்தை இப்படித்தான் பலிக்கும் போலும்.

எங்கள் ஊர் காரைக்கால் அம்மையாரும் விடைபெற்றுத் திரும்பியவரே. தலையால் நடந்து கயிலை சேர்ந்த அவரை ‘அம்மையே’ என்றழைத்த இறைவன், அங்கேயே இருத்திக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டுத் திருவாலங்காட்டுக்கு அனுப்பி, அங்கே தம் நடனம் காண அருளினான். ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய மாங்கனித் திருவிழாவில், பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மக்கள் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைப்பர். இவ்வாண்டு தம்பி மனைவி கூடை நிறையக் கனிகளோடு மாடியில் நின்றாள். குடும்பத்தார் பெயர்களைச் சொல்லி இறைத்தபின், கூடையில் எஞ்சிய ஒரு கனியை எடுத்துக் கண்களில் ஒற்றி, “பாரிஸில் இருக்கும் அந்த அம்மாவுக்காக” என்று சொல்லி வீசினாள்.