மூன்று லென்ஸுகள்

தில்லியில் குடியேறிய நாள்முதல் புகைப்படக் கலையில் எனக்குத் தீராத மோகம். காமிராவுடன் வந்த 18–55 மில்லிமீட்டர் லென்ஸே போதுமாயிருந்தது. ஆயினும் சாந்தினி சௌக்கில், காமிராக் கடைகள் நிறைந்த கூச்சா சௌத்ரிச் சந்துக்குள் நுழைந்தவன் வெறுங்கையுடன் திரும்புவது அரிது. மங்கிய ஒளிக்கென 50 மில்லிமீட்டர், முகங்களுக்கென 85, பறவைகளுக்கென 300 வரை நீளும் ஒன்று என வாங்கினேன். ஒவ்வொரு முறையும், "இதுவே கடைசி" என்று மனைவியிடம் உறுதி கூறினேன், அவள் நகைத்தாள். விடுமுறைகள் பரத்பூர்ப் பறவைகளுடன் கழிந்தன.

சென்ற ஆண்டு ஊரில் தந்தையார் காலமானார். மாலையிட ஒரு படம் தேடினோம். கொக்குகளும் நாரைகளும் நூற்றுக்கணக்கில் இருந்தன. தந்தையார் முகம் தெளிவாய்த் தெரியும் படம் ஒன்றுகூட இல்லை. அண்டை வீட்டுப் பையன் கைப்பேசியில் எடுத்த படமே கூடத்தை அடைந்தது.

1948-இல் தில்லியில் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்த பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், தம் படங்களுள் பெரும்பாலானவற்றை 50 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்டே எடுத்தார். அந்த லென்ஸ் தொலைவில் உள்ளதை அருகே இழுத்துத் தராது. நாமே நடந்து அருகே செல்ல வேண்டும்.

அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விற்றேன். அப்பணத்தில் ஊருக்குச் சீட்டு எடுத்தேன். திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாயாரை மூன்றடி தொலைவில் அமர்ந்து படம் எடுத்தேன்.

"இப்போதாவது கிட்டே வந்தாயே!" என்றார்.